உப்புப் படை

ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகர மன்றக் கூடத்தின் தகரக் கூரையை மழை அடித்து நொறுக்குகிறது. கீழே நீள மேஜையில் லியானின் படை நிற்கிறது. எல்லாம் விரல் உயரப் பொம்மை வீரர்கள். குண்டூசியை வெட்டிச் செய்த ஈட்டிகள், பசையில் நனைத்த காகித மேலங்கிகள், ஒவ்வொரு தோளிலும் வெள்ளையாக உப்புப் பொருக்கு. கடலுக்கடியிலிருந்து எழுந்து வந்த படையாம். இன்றைய பொம்மைப் போர் விளையாட்டுப் போட்டியில் அழகாக வர்ணம் தீட்டிய படைக்கும் ஒரு கோப்பை உண்டு. நடுவர் பக்கத்து மேஜைக்கு வந்துவிட்டார். லியானின் உள்ளங்கையில் தளபதி. அவள் முதன்முதலில் தீட்டிய பொம்மை. இதே மாதிரி ஒரு மழை நாளில் பொறுக்கமாட்டாமல் வெள்ளை அடிவர்ணத்தை ஸ்பிரே செய்தாள். ஈரக்காற்றில் அது பொரிப்பொரியாக உறைந்துபோனது.

"அந்த ஆளைப் பெட்டியில போடு, லீ," என்கிறான் ஆட்டத்தில் அவளோடு வழக்கமாக மோதும் டேரன், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கை மென்றபடி. "தளபதிக்குப் பொடுகுன்னு அன்னிக்கே சொன்னேன். மார்க்கு போயிடும். புதுசா ஒருத்தனைச் செஞ்சியே, அவனை வை."

"நீ பொடுகுன்னு சிரிச்சப்பதான்டா இது உப்புன்னு முடிவு பண்ணேன். மத்தவங்க எல்லாருக்கும் சமையல் சோடா தூவி இவனை மாதிரியே ஆக்கினேன். இப்ப இவனை ஒளிக்கவா?"

நடுவரின் நிழல் மேஜையில் விழுகிறது. டேரன் வழவழப்பான புதுத் தளபதியை எடுத்து நீட்டுகிறான். லியான் அதை வாங்கிக் கடைசி வரிசையில் நிறுத்துகிறாள். பழையவன் தலையில் ஒட்டிய கேக்கின் தேங்காய்த் துருவலை ஊதித் தள்ளுகிறாள். படைக்கு முன்னால், நடுவரின் கண்ணுக்கு நேராக, அவனை வைக்கிறாள்.