முந்நூற்றுப் பத்து

சர்க்கரைக்காரக் கணவனுக்காக அவள் வாங்கிய சென்சர் அது. மேல்கையில் ஒட்டிக்கொண்டால் போதும், சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் உடனுக்குடன் அவள் போனுக்குக் கோள் சொல்லிவிடும்.

அன்று வங்கியில் வேலையாக இருந்தபோது போன் அலறியது. முந்நூற்றுப் பத்து.

உடனே கணவனைக் கூப்பிட்டாள். "என்னத்தை முழுங்கினீங்க?"

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடலைடி."

"என் தம்பியைப் பாருங்க. இனிப்பு பக்கமே போக மாட்டான். உடம்பு தேக்குக் கட்டை மாதிரி இருக்கு."

மறுநாளும் அதே கதை. தம்பியைக் கார் ஓட்டச் சொல்லி, கணவனை டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

டாக்டர் விரலில் குத்திப் பார்த்தார். "நூத்தி அறுபதுதான் இருக்கு. சென்சரைக் காட்டுங்க."

கணவன் மெல்ல மச்சானைப் பார்த்தார்.

தம்பி தலையைக் குனிந்தபடி தன் சட்டைக் கையை மடக்கினான். "ரெண்டு வாரம் நீ ஒட்டிக்கோன்னு அத்தான் கெஞ்சினாருக்கா. பாவம், நாலு வாய் நிம்மதியா சாப்பிடட்டுமேன்னு..."



டாக்டர் கணவனை எழுப்பிவிட்டு, அந்த நாற்காலியைத் தம்பிக்குக் காட்டினார்.

"நீங்க உக்காருங்க. ராத்திரியில அடிக்கடி தாகம் எடுக்குதா?"