மூலைக் கடை

“பொண்டாட்டி ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கறா. இங்க கடை விரிச்சுக்கிட்டு நிக்கறாரு பாருங்க தம்பி, இந்த ஜாம்காரரு. மனுஷனா இவரு?”

சோப்புக்காரம்மாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. மெதுவாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னாலே நாலு கடைக்குக் கேட்கும். எதிரே மெழுகுவத்தி விற்கிற தாடிக்காரர் தன்னிடம் சொன்னது காதில் விழாதவர் மாதிரி திரியை வெட்டிக்கொண்டிருந்தார்.

மூடிப்போன பழைய ஆலை அது. சுவரெல்லாம் படம் வரைந்து, ஞாயிறுதோறும் உள்ளே சந்தை நடக்கிறது. கையால் செய்த பொருளும் வீட்டில் செய்த தின்பண்டமும் மட்டும்தான் விற்கலாம். வாசலை ஒட்டின மூலையில் ஜாம் கடை. அதற்கு அடுத்தது சோப்பு. சோப்புக்கு அந்தப் பக்கம், நாள் முழுக்க வெங்காயம் வதக்குகிற அடுப்பு.

ஒரு பெண் வந்து சோப்பை எடுத்து மோந்து பார்த்தாள்.

“இது என்ன வாசனை? வெங்காயமா?”

“ரோஜாம்மா! ரோஜா!”

அவள் சோப்பை வைத்துவிட்டுப் போயேவிட்டாள். ஆறு வருஷமாக இதே கதைதான். மூலைக் கடை மட்டும் கிடைத்தால் வாசல் காற்றுக்கு வாசனை தெரு வரைக்கும் போகும். அந்த ஆசை வயிற்றெரிச்சலாக மாறி ரொம்ப நாளாகிறது.

ஜாம் கிண்டுகிறவள் பெண்டாட்டி. புருஷன் பெட்டி தூக்குவதோடு சரி, வாயைத் திறக்கவே மாட்டார். இன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க! ருசி பாருங்க! எப்படி இருக்குன்னு சத்தமாச் சொல்லுங்க!”

“சூப்பரா இருக்கு,” என்றார் ஒரு பெரியவர், கரண்டியை நக்கிக்கொண்டே.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சார்!”

சொல்லிவிட்டு, ஜாடியில் சாய்த்து வைத்திருந்த செல்போனைப் பெரியவர் பக்கம் லேசாகத் திருப்பினார்.

“பார்த்தீங்களா? லைவ் போடறாரு!” சோப்புக்காரம்மா கொதித்தாள். “நாலு பேரு பாவப்பட்டு லைக் போடணும். பொண்டாட்டி சாவுலயும் விளம்பரம். தூ!”

“அக்கா, கொஞ்சம் மெதுவா...” என்றார் தாடிக்காரர்.

“எனக்கென்ன பயம்? இவருக்கு ஜாம் கிண்டத் தெரியுமா? அவ கண்ணை மூடினா ஒரே வாரத்துல மூட்டை கட்டிடுவாரு. அப்புறம் அந்த மூலை யாருக்கு? இப்பவே சந்தைச் செயலாளர் காதுல போட்டு வைக்கணும்.”

“இடத்தை விடறவங்க யார் பேரைச் சொல்றாங்களோ, அவங்களுக்குத்தானே கொடுப்பாங்க?”

“அவ எங்க சொல்லப்போறா? இந்நேரம் பேச்சு மூச்சே இருக்காது.”

இதையே தேன் விற்கிறவளிடம் ஒருமுறை சொன்னாள். தோடு விற்கிறவளிடம் ஒருமுறை சொன்னாள். வாடிக்கையாளர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஜாம்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

“அக்கா, வண்டியிலேருந்து ஒரு பெட்டி எடுத்துட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம் பார்த்துக்கறீங்களா? போனை மட்டும் அசைச்சுடாதீங்க.”

“அதுக்கென்ன, போயிட்டு வாங்க.”

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? ஊரே பார்க்கிறது என்றால் உண்மையும் ஊருக்குத் தெரியட்டுமே! மேஜைக்குப் பின்னால் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்கு முன்னால் குனிந்தாள்.

“பார்க்கறவங்க எல்லாரும் கேட்டுக்கங்க. இவரோட சம்சாரம் ஆஸ்பத்திரியில கெடக்கறா...”

“ஆமாக்கா,” என்றது போன். “இங்கதான் கெடக்கறேன்.”

திரையில் ஒரே ஒரு முகம். தலையில் முடி இல்லை. மூக்கில் குழாய். தலையணை எது, முகம் எது என்று சட்டென்று தெரியாத வெளுப்பு.



“இன்னிக்கோ நாளைக்கோன்னுட்டாங்கக்கா. இவரு பக்கத்துல உட்கார்ந்து ஓயாம அழுதாரு. எனக்கு அழுகைச் சத்தம் வேணாம், சந்தைச் சத்தம் வேணும்னு நான்தான் விரட்டி விட்டேன். கூட அம்மா இருக்காங்க.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அவருக்குக் கூவவே வராது. எனக்குக் கேட்கணும்னுதான் இப்படிக் கத்தறாரு.”

எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருக்கே என்று கேட்க சோப்புக்காரம்மாவுக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து பேசினதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இவ்வளவு இரைச்சலில் கேட்டிருக்காது. கடவுளே, கேட்டிருக்கவே கூடாது.

ஜாம்காரர் பெட்டியோடு திரும்பி வந்தார். கூடவே சந்தைச் செயலாளரும் வந்தார், கையில் ஒரு படிவத்தோடு.

“நீங்களே இருந்து எழுதிக்கங்க சார். அவ வாயாலயே சொல்லணும்னு சொன்னா,” என்றார் ஜாம்காரர். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைப் பிரிக்கப் போய்விட்டார்.

செயலாளர் போனுக்கு நேரே குனிந்தார்.

“சொல்லும்மா. மூலைக் கடைக்கு யார் பேரை எழுதட்டும்?”

சோப்புக்காரம்மா நழுவப் பார்த்தாள். செயலாளரைத் தாண்டிப் போக வழி இல்லை.

குரல் விட்டுவிட்டு வந்தது. “பக்கத்துக் கடை அக்கா பேரை எழுதுங்க சார். பாவம், காலையிலேருந்து அதையேதான் பேசிக்கிட்டிருக்காங்க.”