கழுத்தோடு நின்ற மண்

மண்சரிவு நடந்த மலையில் எடுத்த ஒரு கரண்டிக் களிமண் சோதனைக்கூடத்துக்கு வந்திருந்தது. பவளக்கொடி அதைச் சூடான அமிலத்தில் மூன்று நாள் ஊறவிட்டாள். முதலில் சிவப்பு கழன்றது. பிறகு உள்ளிருந்த அலுமினியமும் கரைந்து போக, கரைய மறுத்த சிலிக்கா மட்டும் அடியில் வெள்ளையாய்த் தங்கியது.

"கரைஞ்ச தண்ணியைத்தானேக்கா சோதிக்கணும்? அடியில கெடக்குறதக் கொட்டிடுங்க" என்றாள், கூட வேலை பார்க்கும் ஜெசிந்தா.

"வீட்ட விழுங்கிட்டு, என் கழுத்தோட நின்னுச்சே, அந்த மண்ணுடி இது. என்னை மிச்சம் வச்சதோட மிச்சத்த நான் கொட்டுவேனா?"

அமிலம் போகும்வரை அதை ஏழு தண்ணீரில் அலசினாள். காய்ந்ததும் விரலில் தொட்டு, அன்று மண் வந்து நின்ற இடத்தில், தொண்டையைச் சுற்றி மெல்லக் கோடு இழுத்தாள்.

கோட்டுக்கு மேலே மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.