ஜீரோ வாட்ஸ் பல்பு

பாண்டி முனி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பாண்டிமீனா விண்மீன் மண்டலங்களை ஆராய்கிறவள். இரண்டு மண்டலங்கள் மோதி ஒன்றானால், அங்கங்கே கிடந்த வாயுவும் தூசியும் நடுவிலுள்ள கருந்துளையை நோக்கி விழும். அப்படி விழுவதுதான் அந்த நடுவை ஜொலிக்கவைக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அப்பா சோலையும் பெரியப்பா சிவபாண்டியும் பழைய பகையை விட்டு, அவள் கல்யாண விருந்துக்காக இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்தார்கள். அந்த இடத்தில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டினார்கள். அது பட்டப்பகலிலும் கண்ணைக் கூசவைத்தது. உரித்துவைத்த வெங்காயமெல்லாம் அதன் அடிக்கு உருண்டுபோய்க் காணாமல் போனது. போகப் போக வெளிச்சம் கூடியது. பாண்டிமீனா கத்தினாள்.

“அப்பா, அதுக்குக் கீழ நிக்காதீங்க!”

“போ தாயி, நம்ம வீட்டுல இம்புட்டு வெளிச்சம் என்னைக்கு இருந்துச்சு?” என்று சிரித்தார் சோலை.

பல்பு பளீரென்றது. அவர் தோள்துண்டு மட்டும் தரையில் கிடந்தது. அதுவும் மெல்ல நகர்ந்தது.

“தம்பி எங்க ஆத்தா?” என்று அவளிடம் கேட்டபடி பெரியப்பா அந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார்.

சோலையின் வீடு விளாங்குடியிலும் சிவபாண்டியின் வீடு திருப்பரங்குன்றத்திலும் இருக்கின்றன. நடுவே ஒரு சுவரல்ல, மதுரை முழுசும் கிடக்கிறது.