சரக்குத்தூளுக்கு எந்த எண்?

நாகப்பட்டினம் கப்பல்துறையில், சுங்க இயந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய யோகமலரின் டப்பாவை முகர்ந்து பார்த்துச் சிவப்பு விளக்கைப் போட்டது. மிளகு, மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு எனும் சுக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி எண் உண்டு. கலந்து இடித்த தூளுக்கு எண் இல்லை; அதனால் இயந்திரம் அதை மருந்து என்றே வகைப்படுத்தியது. உரிமம் இல்லாத மருந்தை எரித்துவிடுவார்கள்.

"இது மருந்தில்லை, தங்கச்சி. பிள்ளை பெத்த என்ரை மகளுக்குக் குடுக்கிற சரக்குத்தூள். யாழ்ப்பாணத்திலை நானே வறுத்து இடிச்சனான்."

"மெஷின் சொன்னா சொன்னதுதாம்மா. என்னால மாத்த முடியாது" என்றாள் அதிகாரி ரெஜினா.

"எரிக்க விடமாட்டன். வேறை என்னவெண்டால் இந்த மெஷின் விடும்?"

ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "இனிப்புன்னா விட்டுடும்."

யோகமலர் பயணிகள் கூடத்துக் கடையில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வாங்கி வந்து, தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். தண்ணீர்ப் போத்தலால் கருப்பட்டியை நொறுக்கித் தூளோடு பிசைந்து உருண்டை பிடித்தாள். கூட வந்த பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். கண்ணும் கையும் காந்தின. அவள் நிறுத்தவில்லை.

இயந்திரம் மறுபடி முகர்ந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, டப்பாவின்மேல் 'இனிப்பு' என்று சீட்டு ஒட்டி வெளியே தள்ளியது.

மருத்துவமனையில் மகள் ஆரணி ஓர் உருண்டையைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னம்மா இது? இனிப்பெண்டு ஒட்டியிருக்கு, இப்பிடி உறைக்குது!"

"இனிப்பு சுங்கத்துக்கு. நீ சப்பி விழுங்கு, பால் ஊறும்."