ஒரே இலக்கத்தில் ஆறாயிரம் தரம்

வெள்ளிக்கிழமைக்குள் வேறு இடம் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் தளத்தை நிறுத்திவிடுவோம் என்று, தளத்துக்கு இடம் கொடுத்திருந்த அமெரிக்கக் கம்பனியிடமிருந்து மூன்றாவது மின்னஞ்சலும் வந்துவிட்டது. அன்று புதன்கிழமை. நளீர் நானா இன்னும் சேர்வர் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

ராஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து பத்து நாள். முல்லைத்தீவுக் கரையில் உயிர் தப்பியவர்கள் எந்தெந்த முகாமில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை, வவுனியாவில் நளீர் நானாவின் கொம்பியூட்டர் வகுப்பறையில் இருந்து இரண்டு பேரும் இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜினி அங்கே படிப்பிக்கிற ரீச்சர். ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வருகிற லொறிக்காரர் முகாம்களில் எழுதிய தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் இருந்து தட்டுவாள்.

முதல் நாள் நூறு பேர் பார்த்தார்கள். ஒரு கிழமைக்குள் உலகம் முழுக்க இருந்து சனம் வந்து விழுந்தது. வேறு ஐம்பது அறுபது தளங்களோடு பங்குபோட்டு இருந்த அந்த மலிவுச் சேர்வர் மணிக்கொருதரம் நின்றுபோனது.

தங்களுக்கென்று தனிச் சேர்வர் ஒன்று வாடகைக்கு எடுக்க வேண்டும். அதில் இரண்டு பேருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதை எடுப்பது என்பதில்தான் இழுபட்டது.

நளீர் நானா மூன்று விளம்பரங்களை அச்சடித்து மேசையில் பரப்பியிருந்தார். அமெரிக்காவில் ரெக்சாசில் இருப்பது பெரிது, வாடகையும் பெரிது. ஜேர்மனியில் இருப்பது மலிவு, ஆனால் நின்றுபோனால் எழுப்பிவிட ஆள் இல்லையாம். சிங்கப்பூர் கிட்ட, ஆனால் மாதத்துக்கு இவ்வளவுதான் பார்க்கலாம் என்று அளவு வைத்திருந்தார்கள். நாலு நாளாக இதே கதை. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு கேள்வி எழுதுவார், மறுமொழி வரும்வரை தேத்தண்ணி குடிப்பார்.

"நானா, மாப்பிள்ளையே பாக்கிறியள்? ஏதாவது ஒண்டை எடுங்கோ."

"ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம், ரீச்சர். பிழையா எடுத்தா மாத்தேலாது. எவ்வளவு சனம் வருதெண்டு தெரிஞ்சாத்தானே எவ்வளவு பெரிசெண்டு சொல்லலாம்?"

அதையாவது தானே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ராஜினி வருகைப் பதிவைத் திறந்தாள். 

கனடாவில் ஒரே இணைப்பு இலக்கத்திலிருந்து முந்தின நாள் மட்டும் ஆறாயிரம் தரம் பெயர் தேடியிருந்தார்கள். அதற்கு அடுத்து வந்த இலக்கம் நாற்பதைக்கூடத் தாண்டவில்லை.

ஒரு மனிசன் கையால் தட்டி ஆறாயிரம் வராது. ரெண்டு நாளைக்கு முன்தான் ஆரோ ஒருத்தன் இவர்களுடைய பட்டியலை அப்படியே சுருட்டி, ரெலிபோன் காட் விளம்பரங்களோடு தன்னுடைய தளத்தில் போட்டிருந்ததைப் பார்த்திருந்தாள். இது அவன்தான், அல்லது அவனைப் போல இன்னொருத்தன். சனம் செத்துக் கிடக்கிற இடத்திலும் வியாபாரம்.

அந்த இலக்கத்தை அடைத்துவிடுவோம் என்றாள். நளீர் நானா பொறுக்கச் சொன்னார். ஆரென்று கேட்டு முகப்பில் ஒரு அறிவித்தல் போடலாம், ரெண்டு நாள் பார்க்கலாம் என்றார். பொறுத்துப் பொறுத்துத்தானே இந்த நிலைமை. அவர் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, தளத்தின் அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்து அந்த இலக்கத்தை அடைத்துவிட்டாள்.

தளம் தண்ணி போல ஓடியது. அன்று பின்னேரமும் நிற்கவில்லை, அடுத்த நாளும் நிற்கவில்லை. இனித் தனிச் சேர்வர் தேவையில்லை என்று கம்பனிக்கு எழுதினாள். அவர்களும் சரி என்றார்கள். விளம்பரத் தாள்களை மடித்து வைக்கும்படி நளீர் நானாவுக்குச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"ஆரெண்டு பாத்தனீங்களே?" என்று மட்டும் அவர் கேட்டார்.

"கள்ளன். வேற ஆர்?"

வெள்ளிக்கிழமை காலமை ரெலிபோன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து நேசமலர் என்று ஒரு அம்மா. எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டார்.

"உங்கட தளம் நல்லா வேலை செய்யுதெண்டு மற்ற ஆக்கள் சொல்லினம், தங்கச்சி. எங்களுக்கு மட்டும் ரெண்டு நாளாத் திறக்குதில்லை. நாங்கள்தான் ஏதும் பிழையாத் தட்டிப் பழுதாக்கிப்போட்டமோ தெரியேல்லை. குறை நினைக்காதேங்கோ."

ஒரு மண்டபம் எடுத்து, இரவல் வாங்கிய இருபது கொம்பியூட்டர் வைத்திருக்கிறார்களாம். இருபதுக்கும் ஒரே இணைப்பு. கொம்பியூட்டர் தெரியாத வயசுபோன சனம் பெயர்களைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்களாம், இவர்கள் தேடிச் சொல்வார்களாம். நாளுக்கு அறுநூறு பேர். ஆளுக்குப் பத்துப் பெயராவது இருக்குமாம்.

ராஜினி பெருக்கிப் பார்த்தாள். ஆறாயிரம்.

"ஒரேயொரு பேரை இப்ப பாத்துச் சொல்லுவியளே? ஒரு ஐயா நேற்றுக் காலமை தொடக்கம் வீட்ட போகாமல் கதிரையிலயே இருக்கிறார். மகள் கமலாசனி. ஊர் கள்ளப்பாடு."

ராஜினி தட்டினாள். 

"இருக்கிறா, அம்மா. தர்மபுரம் முகாமில. ரெண்டு பிள்ளையளும் கூட இருக்கினம்."

மறுபக்கத்தில் அந்த அம்மா யாருக்கோ சொல்வது கேட்டது. பிறகு ஒரு கிழவரின் அழுகை கேட்டது. அதற்குப் பிறகு லைன் அறுந்துபோனது.

ராஜினி அடைத்திருந்த வரியை அழித்தாள். ரெக்சாஸ் சேர்வரை இண்டைக்கே எடுங்கோ என்று நளீர் நானாவிடம் சொன்னாள்.

"ஏன் ரீச்சர், கள்ளன் திரும்ப வந்திட்டானோ?"

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். கமலாசனியின் பெயர் இன்னும் திரையிலேயே இருந்தது. பக்கத்தில், பதிந்தவர் ராஜினி, புதன்கிழமை பகல் ஒரு மணி என்று கிடந்தது. கனடாக் கள்ளனை அடைத்த கையோடு அவள் இருந்து தட்டிய முதலாவது பெயர் அது.