நாலு விரற்கடை

உயிரோடு இருந்தவன் எலும்பில் விழுந்த அறுப்பு இல்லை இது என்று நான்காவது தடவையாகச் சொன்னேன்.

அரசு வக்கீல் உருனாகா வறுத்த சோளத்தை என் பரிசோதனை மேஜைமேலேயே கொறித்தபடி, எந்த ரம்பம் என்று மறுபடி கேட்டார்.

எரிச்சலில் எனக்கு மண்டை காய்ந்தது. எலும்பின் வெளிப்புறம் டீத்தண்ணி நிறம், அறுபட்ட இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறது. செத்துப் பல வருஷம் காய்ந்த எலும்பை யாரோ ஆக்ஸா பிளேடால் அறுத்திருக்கிறார்கள். இதற்குமேல் எப்படித்தான் சொல்வது?

எட்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் இறந்தவன் தியோதோசியோ. அவன் மனைவி ஃபிதேலாதான் கொன்றாள் என்று நாத்தனார் புகார் கொடுக்க, எலும்பை எடுத்துப் பார்த்தார்கள். தொடையெலும்பு இரண்டிலும் நாலு விரற்கடை இல்லை. ஏழு மாதமாக அவள் சிறையில் இருக்கிறாள்.

உருனாகா அவளுடைய வாக்குமூலத்தை என் முன் தள்ளினார். “நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன், அந்த ஆளு அறுத்தாரு.” கீழே கைநாட்டு. அந்த ஆள் யாரென்று ஏழு மாதமாகக் கள்ளக்காதலனைத் தேடுகிறார்கள்.

எனக்கு எலும்பு காகிதப் பையில் வந்தது. அதற்கு முன் எதில் இருந்தது என்று கேட்டேன். ஏதோ தகரப் பெட்டி, சாமான் அறையில் கிடக்கும் என்றார். தலைநகர் லீமாக்காரர், எங்கள் ஊர் வழக்கத்தை எங்கே கண்டார்! கொண்டுவரச் சொன்னதற்கு அரை மணி நேரம் முனகினார்.

பெட்டி வந்தது. கல்லறைச் சுவரில் பிணம் வைக்கும் வாடகை மாடத்தின் தவணை முடிந்தால் எலும்பை எடுத்து வைக்கிற சின்னப் பெட்டி. மூடியில் தியோதோசியோ என்று எழுதி, அடியில் போன வருஷத் தேதி.

அறுபட்ட தொடையெலும்புகளை உள்ளே வைத்தேன். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. மூடியும் மூடியது.

மூலையில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், மிச்ச நாலு விரற்கடைத் துண்டுகள் இரண்டும்.

உருனாகா கொறிப்பதை நிறுத்தினார்.

விசாரணைக்காக வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்த ஃபிதேலாவை உள்ளே கூப்பிட்டேன். விலங்குக் கையோடு வந்தவள் நேரே அந்தக் கைக்குட்டையை எடுத்து மறுபடி முடிந்தாள். கல்லறையில் வெட்டியான்தான் அறுத்தான் என்று வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

“பிடிச்சியான்னு கேட்டாங்க, பிடிச்சேன்னேன். எப்பன்னு ஒருத்தரும் கேக்கலையே, டாக்டரம்மா.”